ஆவணி வரை உயிரோடு இருந்தவருக்கு

அப்பா,

காஜா பேராங் சாலையில் இன்று தார் போடுகிறார்கள். காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. பீப்பாயின் அடியில் விறகு எரிகிறது. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்ட ஆட்கள் வாளியோடு ஓடுகிறார்கள். வேலையை மேற்பார்க்கும் புது மண்டோர் பீப்பாயைப் பார்க்காமலே "ஊத்து, ஊத்து" என்று கத்துகிறார். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நுனியிலிருந்து சொட்டு எப்படி விழுகிறது என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்பீர்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. டெலிபோன் இலாகாவில் பழுது அறிக்கை எழுதுகிறவன் நான். என்ன கெட்டது, எங்கே கெட்டது, என்ன மாற்றினேன், அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் அந்தச் சுருக்கம் எனக்கு வரவில்லை. நீளமாகவே எழுதுகிறேன்.

நம் வீட்டில் எதுவும் ரகசியம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நீங்கள் முதலில் தாலி கட்டிய மனைவி இருந்தார். பிழைக்க மலாயாவுக்கு வந்த இடத்தில் அம்மாவைக் கட்டினீர்கள், நான் பிறந்தேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு ஒரே ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பினீர்கள். நீங்கள் திரும்பிய பிறகு அங்கே ஒரு பெண் பிறந்தாள். அவளைப் போட்டோவில்தான் பார்த்தீர்கள். அம்மா அந்த அம்மாளை "ஊர்ல இருக்கிறவங்க" என்பாள். நான் முகம் தெரியாமலே பெரியம்மா என்று சொல்லப் பழகினேன். உங்கள் வேலை முடிவதற்குள் தபாலாபீஸ் மூடிவிடும் என்பதால், நான் சம்பாதிக்க ஆரம்பித்ததிலிருந்து ஊருக்கு மணியார்டர் என் பேரில்தான் போனது. பெரியம்மாவின் கடிதங்கள் மட்டும் உங்கள் பேருக்கு வரும்.

சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற சேமநிதி என்று புதிதாக வந்து, வாரிசு பேர் எழுதச் சொல்லி உங்களிடம் ஒரு காகிதம் கொடுத்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் டெக்னிக்கல் ஸ்கூல் விடுமுறையில் வந்திருந்தேன். உங்களோடு தார் போடும் கூட்டத்து ஆட்களில் பாதிப் பேர் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே சாவுக்குப் பேர் எழுதுவதா என்று பயம். நீங்கள் மட்டும் அதை மடிப்புக் கலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"இதுல என்னா போட்டிருக்கு, முழுசா படிச்சுச் சொல்லு."

படித்தேன். இதில் யார் பேர் இருக்கிறதோ அவர் கையில் பணம் நேராகப் போகும். உயில் வேண்டாம், வக்கீல் வேண்டாம், பங்கு கேட்டு வருகிறவர்கள் குறுக்கே நிற்க முடியாது.

"பங்காளிங்க கேட்டாக்கூடவா?"

"யாரு கேட்டாலும்தான் பா. பேரு இருக்கிறவங்களுக்குத்தான்."

"அப்ப ஊர்ல இருக்கிறவ பேரை எழுது."

அடுப்படியில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அம்மா பேரு நான் மாசாமாசம் பணம் கட்டுற சிக்கனச் சங்கத்துல இருக்கு. அது இங்க, டவுன்ல. நடந்து போய் வாங்கிக்கலாம். இவ தூரத்துல இருக்கிறவடா. இவளுக்காக யாரு வந்து பேசப் போறாங்க? காகிதம்தான் பேசணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "ரெண்டு பேரும் ஒரே கவுன்டர்ல வந்து நிக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

"என் பேரு எங்கேயும் இல்லையா?"

"ஒனக்குத்தான் தொழிலைக் கையில குடுத்துட்டேனே. பேராசை புடிச்சவன்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "எழுதுய்யா, எழுது. ஒங்கப்பாரு நாளைக்கே போற மாதிரி ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க."

எழுதினேன். உங்களிடம் பெரிதாகச் சொத்து இல்லை. பலகை வீடு, அதுவும் வாடகை மண்ணில். ஆனால் இருந்ததை இரண்டு கணக்காகப் பிரித்து, இரண்டு பேரை எழுதி, இரண்டு வீட்டுக்கும் நடுவே சண்டை வராமல் ஒரு சுவர் கட்டிவிட்டீர்கள். நேர்த்தியான வேலை என்றுதான் அன்று எனக்குப் பட்டது. வயரிங் படம் போல இருந்தது.

சில வருடங்கள் கழித்து, ஒரு சித்திரை வெயிலில், ஜாலான் பெண்டஹாராவில், நகைக்கடைகளுக்கு எதிரே தார் போட்டுக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தீர்கள். தண்ணீர் கொண்டுவந்தவரிடம் "இரு, வர்றேன்" என்றீர்களாம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் சட்டையில் தார் இன்னும் காயவில்லை. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி, தமிழ் வம்சமானாலும் நம்மோடு மலாயில்தான் பேசுகிறவர், யாரும் கேட்காமலே பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்.

காரியம் முடிந்த மறுநாளே நான் வேலையில் இறங்கிவிட்டேன். எனக்கு உட்கார்ந்திருக்க முடியாது, உங்களுக்குத் தெரியும். சிக்கனச் சங்கத்தில் கணக்கெழுதும் கிராணி உங்கள் பேரைப் பார்த்ததும் சிரித்தார், தப்பான சிரிப்பு இல்லை.

"தம்பி, ஒங்கப்பா மாதிரி எல்லாரும் பேரை எழுதி வச்சா எனக்குப் பாதி வேலை மிச்சம். போன மாசம் ஒருத்தன் வீட்டுல அண்ணன் தம்பி நாலு பேரு. மேசையிலேயே கட்டி உருளுறானுங்கலா. இங்க பாருங்க, ஒரே கையெழுத்து."

அம்மா பெருவிரலை ஊதா மையில் வைத்தாள். முடிந்தது.

சேமநிதிக்குத்தான் வேறு வழி. பெரியம்மா அங்கே, கிராம முன்சீப் முன்னால், கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சாவுச் சான்றிதழின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். அதாவது, நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். தந்தி கொடுப்போம் என்று அன்றே சொன்னேன். அம்மா "இருய்யா, பொறு" என்றாள். பொறுத்தேன். அந்த வாரமே ஊரிலிருந்து நீலக் கடிதம் வந்தது, உங்கள் பேருக்கு.

அதைப் பிரித்து அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். இங்கு யாவரும் நலம், தங்கள் நலத்துக்கு எழுதவும். பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தாமதத்தை விரும்பவில்லை. நீங்கள் வர முடியாது என்று தெரியும். ஆனால் செலவுக்கு ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம்.

வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம். அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றேன், கடிதத்தை மடித்துக்கொண்டே. "கல்யாணத்துக்குப் பணம் வேணும். சேமநிதியில பணம் இருக்கு. இன்னிக்கே எழுதிடுறேன்."

"எழுதினா?"

"முன்சீப்கிட்ட கையெழுத்துப் போட்டு அனுப்பினா, ஆவணிக்குள்ள பணம் போயிடும்."

"எழுதினா அவங்க அறுக்கணும்லா," என்றாள் அம்மா. "தாலியை அறுத்துட்டு, பொண்ணைப் பெத்தவங்க மூலையில நிக்கணும். மணவறை கிட்டயே வர விடமாட்டானுங்க. அதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒரு வருசம் தள்ளிப் போடும்பான். காத்திருப்பானா? வேற எடம் பாத்துட்டுப் போயிடுவான்."

"அதுக்காக? செத்தவரை உயிரோட வச்சிருக்கச் சொல்றியா?"

"சாவுச் சேதி காதுல கேட்டாத்தான் தீட்டு. கேக்காத வரைக்கும் இல்லை. கடல் தாண்டி இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் கணக்கு."

எனக்குக் கோபம் வந்தது. மரணம் ஒரு தேதியில், ஒரு இடத்தில், ஒரு மருத்துவர் கையெழுத்தோடு நடக்கிறது. சேதி போய்ச் சேரும் நேரத்தைப் பொறுத்து அது மாறுமா? மாறும் என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. நீங்கள் அவ்வளவு நேர்த்தியாகப் போட்ட திட்டம் அந்த இடத்தில்தான் நின்றது, அப்பா. பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமானால் தாய் விதவையாக வேண்டும். தாய் சுமங்கலியாக மணவறையில் நிற்க வேண்டுமானால் பணம் வராது. காகிதத்தில் இதற்குக் கட்டம் ஏதும் இல்லை.

மறுநாள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். வெளுத்த புடவை, அதைப் பார்க்கவே நான் இன்னும் பழகவில்லை. சங்கத்துப் பணத்தை எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

"அது ஒனக்கு அப்பா வச்சது. இந்தக் கூரையைப் பாத்தியா? வாடகை என்ன ஆகும்?"

"ஒனக்குத்தான் தொழிலைக் கையில குடுத்திருக்காரே," என்றாள். அப்படியே உங்கள் பேச்சு. "பொண்ணு அவரோட பொண்ணு. அவரு இருந்தா செய்வாரு இல்ல? அனுப்புய்யா."

வழக்கம் போல என் பேரில் மணியார்டர் போனது. கீழே சேதி எழுதும் இடத்தில் "முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம்" என்று மட்டும் எழுதினேன். பொய் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தபாலாபீஸ் படி இறங்கும்போது, நீங்கள் பக்கத்தில் இறங்குவது போல இருந்தது. உங்களையே அனுப்பியது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான், அப்பா, நீங்கள் சரியாக வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். பேய் பிசாசு எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உங்கள் பேர் எழுதிய நீலக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் உங்களிடம் பேசியது. நாதஸ்வரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கூறைப்புடவை அரக்கு நிறம், உங்களுக்குப் பிடித்த நிறம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வாசிக்கும்போதெல்லாம் அம்மா உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், பதில் சொல்லுங்கள் என்பது போல. உங்கள் படத்துக்கு விளக்கேற்றுகிற அதே கையால் கடிதத்தை வாங்கி, மடித்து, உங்கள் சட்டைப் பெட்டியில் வைப்பாள். ஒரே வீட்டில் நீங்கள் இறந்தும் இருந்தீர்கள், இறக்காமலும் இருந்தீர்கள். ஒரு கம்பியில் மின்சாரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்த கம்பியைத் தொட்டால் ஆள் போய்விடுவான். நான் அந்த வீட்டில்தான் படுத்து எழுந்தேன்.

இதற்கிடையில் உங்கள் கூட்டத்து ஆள் ஒருவர், பெரியம்மாவின் பக்கத்துக் கிராமத்துக்காரர், கப்பலேறி ஊருக்கே திரும்பிப் போனார். குடியுரிமை, பாஸ்போர்ட்டு என்று எல்லாரும் எந்தப் பக்கம் நிற்பது என்று தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா அவரிடம் வெற்றிலை கொடுத்துக் கேட்டுக்கொண்டாள்: "ஆவணி வரைக்கும் வாயைத் தெறக்காதீங்கண்ணே."

"என்னாத்துக்கு நான் தெறக்கப் போறேன்? எனக்குப் பல்லே இல்லையே," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆவணி வந்தது. நாட்டுக்குச் சுதந்திரமும் அந்த மாதத்தில்தான். பண்டார் ஹிலிர் திடலில் ஒலிபெருக்கிகளுக்கு வயர் இழுக்க என்னையும் அனுப்பினார்கள். ஊரெல்லாம் கொடி. கிளேபாங்கிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் லாரி லாரியாக ஜனம். எல்லாரும் "மெர்டேக்கா" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன், தொண்டை போகும்வரை. கத்திக்கொண்டிருக்கும்போதே மனம் வேறு பக்கம் போய்விட்டது. பெரியம்மா எழுதியிருந்த முகூர்த்த நாள் அந்த வாரம்தான். அங்கே நாதஸ்வரம் வாசித்திருப்பார்கள். ஐயர், பெண்ணின் தகப்பன் பேரைக் கேட்டிருப்பார். சொல்லியிருப்பார்கள். இன்னார் மகள், தகப்பனார் மலாயாவில் இருக்கிறார். அந்தக் கல்யாணப் பந்தலில் நீங்கள் நல்ல உடம்போடு இருந்தீர்கள். வயர் இழுத்து முடித்த பிறகும் நான் கம்பத்தின் மேலேயே இருந்தேன். கீழிருந்த சீனத் தோழன் "மேலேயே குடியிருக்கப் போறியா?" என்று மலாயில் கத்தினான்.

புரட்டாசியில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் பேர் இல்லை அதில். அம்மா பேர் இருந்தது. இதுவரை பெரியம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதித் தந்தவரின் கையும் இல்லை. எழுத்துக் கூட்டி எழுதிய, பெரிய பெரிய கோணல் எழுத்து. பெரியம்மாவே எழுதியிருந்தார்.

"தங்கச்சிக்கு. கல்யாணம் நல்லபடி முடிந்தது. ஆடியிலேயே கப்பலில் வந்த அந்த ஆள் நம் வாசலுக்கு வந்து நின்றார். நின்ற நிலையைப் பார்த்தே புரிந்துகொண்டேன். ஒன்றும் சொல்லாதீங்க, ஆவணி முடிந்து வாங்க என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்ணுக்குத் தெரியாது. நீ அனுப்பிய பணம் எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு காகிதத்திலும் உனக்குச் சங்கத்திலும் எழுதியிருக்கிறார் என்று அவர் முன்பே தெரிவித்திருந்தார். உனக்கு என்ன மீதி இருக்கிறது? இப்போது எழுதச் சொல். இப்போது கேட்டுக்கொள்கிறேன்."

நான் உங்கள் சட்டைப் பெட்டியைத் திறந்து எல்லாக் கடிதங்களையும் வெளியே எடுத்தேன். ஆடிக்குப் பிறகு வந்தவற்றைத் தனியாகப் பிரித்தேன். கூறைப்புடவை, அரக்கு நிறம், உங்களுக்குப் பிடித்த நிறம். இருமல் எப்படி இருக்கிறது. அத்தனையும் நீங்கள் இல்லை என்று தெரிந்த பிறகு எழுதச் சொன்னவை.

"யாருக்கும்மா எழுதினாங்க இதையெல்லாம்?" என்றேன். "எழுதித் தர்றவனை ஏமாத்துறதுக்கா?"

"அவருக்குத்தான்," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேசிக்கிட்டாங்க. விடு."

அம்மா விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி எடுத்தாள். சாவுக் கடிதத்துக்குச் செய்கிற மாதிரி காகிதத்தின் மூலைகளில் தடவினாள். பிள்ளையார் சுழி போடாதே என்றாள். அது எனக்கும் தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலும் சங்கத்திலும் எல்லாக் காகிதமும் இங்கிலீஷில்தான் இருந்தது. அதில் நீங்கள் ஒரு 'டிசீஸ்ட்'. நான் பேரையும் தேதியையும் நிரப்பியதோடு சரி. "அப்பா இறந்துவிட்டார்" என்று தமிழில் நான் எழுதியது அன்றுதான். நான் எழுதியதால்தான் நீங்கள் அங்கே இறந்தீர்கள். சான்றிதழ் நகலையும் சேமநிதிப் படிவத்தையும் சேர்த்து வைத்து ஒட்டினேன்.

பணம் நீங்கள் எழுதியபடியே பெரியம்மா கைக்குப் போய்ச் சேர்ந்தது. பங்காளிகள் வந்து கேட்டார்களாம். முன்சீப் படிவத்தைக் காட்டி அனுப்பிவிட்டாராம். காகிதம் பேசியது, நீங்கள் சொன்னபடியே. அதில் பாதியை அம்மாவுக்கு அனுப்ப பெரியம்மா முயன்றார். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. கணக்குப் பார்த்தால் நீங்கள் போட்ட பங்கு குலைந்துவிட்டது. எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு கூரைக்குத் தகரம் வாங்கிப் போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்கள் மகள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். பணம் பற்றி அதில் ஒன்றுமில்லை. "அண்ணா, அப்பா முகத்தைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். குரல் எப்படி இருக்கும்? அதை மட்டும் எழுதுங்கள்."

அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. எழுதிப் பார்க்காமல் இல்லை. கரகரப்பு என்று எழுதினேன், அது இருமல். கனத்த குரல் என்று எழுதினேன். அது யாருக்கும் பொருந்தும். நாள் முழுக்க டெலிபோன் லைனில் குரலைச் சோதிக்கிறவன் நான். எங்கே இரைச்சல், எங்கே எதிரொலி, எத்தனை மைல் தள்ளி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல வார்த்தை இல்லை. சேமநிதிக்கும் சங்கத்துக்கும் வாரிசு எழுதினோம். உங்கள் குரலை யார் பேருக்கு எழுதுவது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "நீ கோவத்துல கத்துறப்ப அவரு மாதிரியேதான்லா இருக்கும். அதை எழுது," என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வேலை எனக்குச் சுலபமாக இல்லை, அப்பா. கம்பத்தில் ஏறி, லைனில் கருவியை மாட்டி, "ஹலோ" என்கிறேன். மறுமுனையில் யாராவது எடுப்பதற்கு முன் ஒரு கணம் சும்மா இருக்கும். அந்தக் கணத்தில், இப்போது பேசியது யார், நானா நீங்களா, என்று காத்திருக்கிறேன்.